மிதிவண்டியில் சேலம்

சேலம் மாநகர் மலைகளின் நடுவே வைத்த ஒரு பெருந்தட்டைப் போன்றது. வடக்கே நகரமலையும், அதற்கப்பால் சேர்வராயன் மலைத்தொடரும் நிற்கின்றன. தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. எத்தெருவில் நின்று நோக்கினும் தெருவின் முடிவில் ஏதேனும் ஒரு மலை நீலநிறமாய்த் தோன்றும். ‘சைலம்’ என்னும் சொல்லுக்கு மலை என்பது பொருள். அதுவே சேலம் என மருவிற்று என்பர் சிலர். சேரநாட்டோடு இணைத்துச் ‘சேரலம்’ என்பதிலிருந்து பிறந்தது என்பர் வேறு சிலர். பெயரின் பிறப்பு எதுவாயினும், ஊரின் அமைப்பு மிதிவண்டியில் சுற்றிப் பார்ப்பதற்கென்றே வாய்த்தது போலும்! நகரின் உள்ளே பெரும்பாலும் சமநிலம். வழி தவறினால் திசை காட்ட நாற்புறமும் மலை.

இம்மாநகரின் பரப்பு ஏறத்தாழ 91 சதுரக் கிலோமீட்டர். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி இதன் மக்கள்தொகை எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டது. இத்தகைய ஊரைக் காலால் நடந்து காண முற்பட்டால் நாட்கள் பல கழியும். பேருந்தில் ஏறினாலோ நிறுத்தங்களின் பெயர்களே மனத்தில் தங்கும். நிறுத்தங்களுக்கு இடையே உள்ள ஊர் சன்னலுக்கு வெளியே ஓடிப் போய்விடும். மிதிவண்டி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் அளவில் அது செல்லும். வேண்டிய இடத்தில் நிற்கும். குறுகிய சந்தில் நுழையும். நுழைய இயலாத இடத்தில் கையால் தள்ளிக்கொண்டு செல்ல இடந்தரும். தறியின் ஓசையையும், காய்ச்சும் வெல்லத்தின் மணத்தையும், சாக்கடையின் நாற்றத்தையும் அது மறைப்பதில்லை. ஊரை அறிய விரும்புவோர்க்கு இவை மூன்றும் வேண்டும்.

மிதிவண்டி பழமையான கருவியன்று. 1817-இல் செருமானிய நாட்டைச் சேர்ந்த கார்ல் டிரைஸ் என்பவர், காலால் நிலத்தை உந்திச் செல்லும் இருசக்கர வண்டி ஒன்றைச் செய்தார். அதற்கு மிதியும் இல்லை, சங்கிலியும் இல்லை. 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர், இரு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவாக, பின்சக்கரத்தைச் சங்கிலி இழுக்கும் வண்டியை உருவாக்கினார். மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1888-இல், டன்லப் என்பவர் காற்றடைத்த இரப்பர் வளையத்தைச் சேர்த்தார். இன்று நம் தெருக்களில் ஓடும் வண்டி பெரும்பாலும் அந்த அமைப்பே. நூற்றாண்டுக்கு மேலாகியும் இத்துணைச் சிறிதே மாறிய பொறி வேறு எது என்று எண்ணிப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். இதனைச் சீனர் ‘தானே செல்லும் வண்டி’ என்று பொருள்படும் சொல்லால் வழங்குகின்றனர். இலங்கைத் தமிழர் ‘துவிச்சக்கர வண்டி’ என்பர். ‘மிதிவண்டி’ என்னும் நம் பெயரே உண்மைக்கு நெருங்கியது; மிதியாதவரை அது ஓரடியும் செல்லாது.

பெருநகரை மிதிவண்டியிலேயே கண்டறிந்த மக்களுக்குச் சீனத்துத் தலைநகரான பெய்சிங் நல்ல சான்று. சமநிலமும் நேரான தெருக்களும் அந்நகரின் இயல்பு. பெருந்தெருக்களுக்குப் பின்னே ‘ஹூத்தோங்’ எனப்படும் குறுகிய சந்துகள் வலைபோல் பரந்துள்ளன. 1980களில் அந்நகரத்தார் மேற்கொண்ட பயணங்களுள் பாதிக்கு மேற்பட்டவை மிதிவண்டியிலேயே நடந்தன. காலைப்பொழுதில் மணியோசையே தெருவின் ஓசையாயிருந்தது. பின்னர்க் கார்கள் பெருகின. மிதிவண்டிக்கென விட்ட வழிகளையும் அவை பற்றிக்கொண்டன. பழஞ்சந்துகள் பலவும் இடிந்து அடுக்குமாடிகள் ஆயின. 2016ஆம் ஆண்டை ஒட்டி, தெருவில் நிற்கும் வண்டியைக் கைப்பேசியால் திறந்து வாடகைக்கு ஓட்டும் முறை அங்கே பரவியது. ஆகவே மிதிவண்டி மீண்டும் வந்தது. இடிந்த சந்துகள் வரவில்லை.

சேலத்திலும் மிதிவண்டிக்கு ஒரு காலம் இருந்தது. தெருக்கோடியில் வாடகை மிதிவண்டி நிலையம் இருக்கும். மணிக்கணக்கில் வண்டி எடுத்து, பெயரையும் நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதிவிட்டுச் செல்வர். வண்டிக்கு நகராண்மைக் கழகத்திற்கு வரி கட்டவேண்டும். இரவில் விளக்கின்றிச் செல்வதும், ஒரு வண்டியில் இருவர் செல்வதும் குற்றம். இருக்கைக்குக் கால் எட்டாத சிறுவர், குறுக்குக் கம்பிக்குக் கீழே காலை நுழைத்து ஒருபக்கமாகச் சாய்ந்து ஓட்டுவர். அதற்குக் ‘குரங்குப் பெடல்’ என்று பெயர். நம் நாட்டிலேயே வண்டிகள் செய்யப்பட்டபின் விலை எளிதாயிற்று. சென்னையை அடுத்த அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி. ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை அவ்வகையில் குறிப்பிடத்தக்கது. 2001-02 முதல் தமிழ்நாட்டு அரசு பள்ளி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கி, பின்னர் மாணவருக்கும் அதனை விரிவாக்கியது. ஆதலின் சிற்றூர்ப் பிள்ளைகளிடத்து இன்றும் வண்டி உண்டு. அதனைப் பள்ளிக்கும் வீட்டுக்கும் அப்பால் கொண்டு செல்வோர் மிகச் சிலரே.

புறப்படுவதற்கேற்ற நேரம் விடியற்காலை ஐந்தரை மணி. காற்றும், தடைக்கட்டையும், சங்கிலியும் செம்மையாக உள்ளனவா என்று முந்தின நாளே பார்த்தல் வேண்டும். ஒரு குப்பித் தண்ணீரும், காற்றடிக்கும் குழாயும் இருந்தால் போதும். தொடங்க வேண்டிய இடம் கோட்டை.

கோட்டை என்று பெயரே உள்ளது, கோட்டை இல்லை. மைசூர்ப் போரின் முடிவில் 1792-இல் ஏற்பட்ட உடன்படிக்கையால் இப்பகுதி ஆங்கிலக் கம்பெனியாரிடம் வந்தது. அலெக்சாந்தர் ரீடு என்பவர் இதனை ஆளத் தலைப்பட்டார். அவருக்குத் துணையாயிருந்த தாமஸ் மன்றோ, பின்னர்ச் சென்னை மாகாண ஆளுநரானார். அக்காலத்தில் பாதுகாவலுக்கு நின்ற மதில்கள் மறைந்தொழிந்தன. கோட்டை மாரியம்மன் கோயில் மட்டும் நிலைத்துள்ளது. ஆடித் திருவிழாவின்போது சேலம் முழுதும் அங்கே திரளும். அருகே சுகவனேசுவரர் கோயில் உள்ளது. சுகம் என்பது கிளி. கிளிகள் வாழ்ந்த வனம் என்பது பெயரின் பொருள். அருணகிரிநாதர் இத்தலத்தைப் பாடியுள்ளார். வனம் எங்கே என்று தேடுவோர்க்குத் துணிக்கடைகளே எதிர்ப்படும்.

கோட்டைக்கு அருகிலேயே திருமணிமுத்தாறு ஓடுகிறது. சேர்வராயன் மலைத்தொடரில் மஞ்சவாடிக் கணவாயின் பக்கத்தே தோன்றி, சேலம் நகரின் நடுவே புகுந்து, நாமக்கல் மாவட்டத்து வயல்களினூடே சென்று காவிரியில் கலக்கும் ஆறு இது. சேலத்தில் பிறந்து வளர்ந்தவர்களுள்ளும் இதனை ஆறு என்று அறியாதோர் பலர். பாலத்தின்மேல் பேருந்தில் செல்வோர்க்கு இது தெரிவதேயில்லை. மிதிவண்டியை நிறுத்திக் கைப்பிடிச் சுவரின்மேல் சாய்ந்து கீழே நோக்கினால், கருநிறமாய் மெல்ல நகரும் நீர் தெரியும். வீடுகளின் கழிவும், சாயப்பட்டறைகளின் கழிவும் கலந்ததால் வந்த நிறம் அது. சில நாட்களில் சிவப்பும், சில நாட்களில் நீலமும் அதில் தோன்றும். கரைகளிற் பல இடங்களில் கற்காரைச் சுவர் எழுப்பியுள்ளனர். சுவர் எழுப்பினால் கரை நிற்கும். நீர் தூய்மையாவதற்கு வேறு வேலை செய்தாக வேண்டும். மணியும் முத்தும் பெயரில் சேர்ந்த ஓர் ஆற்றுக்கு இந்நிலை வந்தது எவ்வாறு என்று அறிய விரும்புவோர், இவ்வாற்றையே வழித்துணையாகக் கொண்டு செல்லலாம். நகரின் வரலாற்றில் பெரும்பகுதி இதன் இரு கரையிலும் கிடக்கிறது.

ஆற்றின் ஓரமாக வண்டியைச் செலுத்தினால் குகை என்னும் பகுதி வரும். பின்னர் அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை எனத் தெருக்கள் நீளும். இவற்றுள் பலவும் நெசவாளர் வாழ்ந்த, இன்றும் ஓரளவு வாழும் பகுதிகள். இங்கே ‘பாவடி’ என்னும் பெயர் தெருப் பெயரிலும், பள்ளிக்கூடப் பெயரிலும் காணப்படும். வெளியூரார் அதனை ஏதோ ஒருவர் பெயர் என எண்ணிச் செல்வர். நெசவில் நீளவாட்டில் அமையும் நூலுக்குப் பாவு என்று பெயர். தறியில் ஏற்றுமுன் அந்நூலை நெடுக விரித்துக் கட்டிக் கஞ்சி தோய்த்து, தூரிகையால் நீவி, இழை இழையாகப் பிரித்து உலர்த்துவர். அதற்கு நீண்ட திறந்தவெளி வேண்டும். பாவு விரிக்கும் அந்த வெளியே பாவடி. வெயில் ஏறினால் கஞ்சி விரைந்து காய்ந்து இழை முறியும். ஆதலின் கதிரவன் எழும் பொழுதே அவ்வேலை நடைபெறும். கணவனும் மனைவியும், அண்டை வீட்டாரும் பாவின் இருபுறமும் நின்று கை சோராமல் செய்வர். இத்தெருக்களுக்கு விடியலில் வரவேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே. பத்து மணிக்கு வருபவர் காண்பது வெறுந் தெரு.

வீட்டினுள் தரையில் குழி தோண்டி அமைத்த தறியில் நெசவாளி அமர்ந்திருப்பார். குழிக்குள் அவர் கால்கள் மிதிகளை மாற்றி மாற்றி அழுத்தும். பாவின் இழைகள் ஒன்றுவிட்டு ஒன்று மேலெழும். நாடா அவற்றினிடையே பாய்ந்து ஊடையை இட்டுச் செல்லும். வாசலில் நிற்கும் மிதிவண்டியும் உள்ளே இயங்கும் தறியும் ஒருவகையில் உறவினரே. இரண்டும் காலின் உழைப்பால் நடப்பன. சேலத்து வெண்பட்டு வேட்டி நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. கைத்தறி நுட்பங்களைக் கற்பிப்பதற்கென்றே 1960-இல் இந்நகரில் ஓர் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கப்பெற்றது. ஆயினும் இன்று இத்தெருக்களில் மிகுதியும் கேட்பது விசைத்தறியின் ‘டடக் டடக்’ என்னும் ஓசையே. கைத்தறியில் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் முதியோர். அவர்தம் பிள்ளைகள் வேறு வேலைகளுக்குச் சென்றுவிட்டனர். அவர்களைக் குறை கூறுதற்கில்லை. நாள்முழுதும் உழைத்துப் பெறும் கூலி குடும்பத்துக்குப் போதாதபோது, கலை அழிகிறது என்று வெளியிலிருப்போர் வருந்துவதால் அடுப்பு எரியாது.

செவ்வாய்ப்பேட்டை, செவ்வாய்க்கிழமை தோறும் கூடிய சந்தையால் பெயர் பெற்றது. இங்குள்ள லீ பஜாரில் வெல்லம், பருப்பு, மிளகாய் முதலிய பொருள்கள் மூட்டை மூட்டையாக வந்திறங்கும். காலையில் இப்பகுதியில் வண்டியை ஓட்ட இயலாது, தள்ளிக்கொண்டுதான் செல்லவேண்டும். மிளகாய் நெடி தும்மலை வருவிக்கும். அடுத்த தெருவில் நுழைந்தால் ஓசை மாறும். சிறு சுத்தியலால் தட்டும் ஒலி வீடுதோறும் கேட்கும். அங்கே வெள்ளிக் கொலுசு செய்யப்படுகிறது. வெள்ளியை உருக்குவது ஓரிடம். துளைத்தகட்டின் வழியே இழுத்துக் கம்பியாக்குவது ஓரிடம். கம்பியை வளைத்துக் கண்ணியாக்கிக் கோப்பது வேறு வீடு. பற்றவைப்பதும், சலங்கை கட்டுவதும், மெருகிடுவதும் வெவ்வேறு கைகள். ஒரு கொலுசு ஒரு பெண்ணின் காலை அடையுமுன் பல வீடுகளின் வாசற்படியைக் கடந்துவிடுகிறது. சேலத்துக் கொலுசு இந்தியாவின் பல மாநிலங்களுக்குச் செல்கிறது.

இத்தெருக்களோடு சேலத்துப் பொதுவாழ்வும் இணைந்துள்ளது. 1866-இல் நகராண்மைக் கழகம் அமைந்தது. அதன் உறுப்பினராயிருந்த சி. விசயராகவாச்சாரியார், 1882-இல் சேலத்தில் நேர்ந்த கலவரத்தைத் தூண்டியதாகக் குற்றஞ்சாட்டப்பெற்றுத் தண்டனையும் பெற்றார். உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவரே 1920-இல் நாகபுரியில் கூடிய காங்கிரசு மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். இங்கு வழக்கறிஞராக வாழ்ந்த இராசகோபாலாச்சாரியார் 1917 முதல் 1919 வரை நகராண்மைக் கழகத் தலைவராயிருந்தார். அவர் சென்னை மாகாண முதலமைச்சரானபின், 1937 அக்டோபர் முதல் நாள், மதுவிலக்கு முதன்முதலாகச் சேலம் மாவட்டத்திலேயே நடைமுறைக்கு வந்தது. 1944-இல் நீதிக்கட்சி திராவிடர் கழகம் எனப் பெயர் மாறியதும் சேலத்தில் கூடிய மாநாட்டில்தான். 1994-இல் இந்நகர் மாநகராட்சி ஆயிற்று.

காலை உணவுக்குப் பின் மேற்கே செல்லலாம். பழைய ஊருக்கும் புகைவண்டிச் சந்திப்பு அமைந்த சூரமங்கலத்துக்கும் இடையே சில கிலோமீட்டர் தொலைவு உண்டு. சென்னையிலிருந்து மேலைக்கடற்கரைப் பேப்பூர் வரை இட்ட இருப்புப்பாதை 1862-இல் முற்றுப்பெற்றது. அது நகரின் ஓரமாகவே சென்றது. நிலையத்தை நோக்கி ஊர் மெல்ல நகர்ந்து, இடைவெளியை நிரப்பிவிட்டது. வழியில் ஐந்து சாலைகள் கூடும் இடம் ‘ஐந்து ரோடு’ எனப்படும். அங்கே 2020-இல் ஈரடுக்கு மேம்பாலம் திறக்கப்பெற்றது. கார்களும் பேருந்துகளும் மேலே விரைகின்றன. மிதிவண்டிக்காரர் கீழே தூண்களுக்கிடையே தம் வழியைத் தாமே தேடிக்கொள்ள வேண்டும். நால்வழியிலும் நோக்கி, கையால் திசை காட்டி, வேண்டுமாயின் இறங்கி நின்று கடத்தலே அறிவுடைமை. இத்துணைப் பெரிய பாலத்தைக் கட்டியவர்கள் மிதிவண்டிக்கென்று மூன்றடி வழி ஒதுக்கியிருக்கலாகாதா என்னும் கேள்வி அவ்விடத்தில் எவர்க்கும் எழும்.

சூரமங்கலத்தைக் கடந்து மேலும் ஒரு மணி நேரம் மிதித்தால் கஞ்சமலையின் அடிவாரம். சித்தர் கோயில் அங்குள்ளது. அமாவாசைதோறும் மக்கள் திரள்வர். இம்மலை இரும்புக்கல் நிறைந்தது. அக்கல் காந்தத்தால் ஈர்க்கப்படும் வகையைச் சார்ந்தது. மலையிலிருந்து வரும் ஓடையின் மணலில் காந்தத் துண்டு ஒன்றைத் துழாவி எடுத்தால் கரிய பொடி அதில் ஒட்டிக்கொண்டு வரும். முன்னாளில் சிற்றுலைகளில் இத்தகைய கல்லையும் மணலையும் உருக்கி இரும்பு எடுத்தனர். 1830-இல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் அமைத்த இரும்பு ஆலைக்கும் சேலத்து இரும்புக்கல்லே பயன்பட்டது. மரக்கரியையே நம்பிய அத்தொழில் நிலைபெறவில்லை. 1970-இல் சேலம் உருக்காலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, 1980களின் தொடக்கத்தில் துருப்பிடிக்காத எஃகுத் தகடு செய்யும் வேலை தொடங்கியது. கஞ்சமலையின் நிழலில் நின்றும், இவ்வாலை கஞ்சமலையின் கல்லை உருக்கவில்லை. வெளியிலிருந்து வந்த எஃகுச் சுருளை உருட்டித் தகடாக்கியே தன் வேலையைத் தொடங்கிற்று. மலை தீண்டப்படாது நிற்பதே நலம் என்பாரும், இரும்பை வைத்துக்கொண்டு வறுமையில் வாழ்வதா என்பாரும் இவ்வூர்களில் இன்றும் உளர்.

மாலையில் வடக்கே திரும்புதல் இனிது. ஏற்காடு செல்லும் சாலையில் ஒரு பழைய வளைவு நிற்கிறது. அதுவே மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தின் வாயில். திருச்செங்கோட்டில் பிறந்த டி. ஆர். சுந்தரம் 1935-இல் அதனைத் தொடங்கினார். மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ 1938-இல் இந்நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. 1956-இல் வந்த ‘அலிபாபாவும் நாற்பது திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். உள்ளே இருந்த கூடங்கள் போயின. வளைவு மட்டும் நிற்கிறது. சிறிது விலகிக் கன்னங்குறிச்சிப் பக்கம் சென்றால் மூக்கனேரி என்னும் ஏரி. புதரும் குப்பையும் மண்டிக் கிடந்த இதனை 2010-இல் ஊர்மக்கள் முயன்று தூர்வாரி, நடுவே மண்திட்டுகள் அமைத்து மரம் நட்டனர். இன்று அத்திட்டுகளில் பறவைகள் அடைகின்றன. காலையில் ஆற்றைக் கண்டு வருந்தியவர் மாலையில் இவ்வேரியைக் காண்பது நன்று.

வடக்கே மேலும் செல்வோர்க்கு மலையடிவாரத்தில் வெள்ளைவெளேரென்று அகழ்ந்த நிலம் தோன்றும். ‘வெள்ளைக்கல்’ என மக்கள் வழங்கும் மாக்னசைட்டு அங்கே வெட்டியெடுக்கப்படுகிறது. அதனைச் சுட்டுச் செய்யும் செங்கல், எஃகு உருகும் வெப்பத்திலும் உருகாது. ஆகவே உலைகளின் உட்சுவருக்கு அதனைப் பயன்படுத்துவர். அதற்குமேல் இருபது கொண்டையூசி வளைவுகள் ஏறி ஏற்காட்டை அடையும் சாலை தொடங்குகிறது. 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் அம்மலையில் காப்பிச் செடியைப் பயிரிடச் செய்தார். பற்சக்கரம் பல பூட்டிய வண்டியும் நல்ல தொடை வலிமையும் உடையார் அங்கே மிதித்தே ஏறுகின்றனர். ஏனையோர் அடிவாரத்தோடு திரும்புதல் தகும். இறங்கும்போது தடைக்கட்டை சூடேறி வழுக்கும் என்பதை மறத்தலாகாது.

மறுநாள் தெற்கே நாமக்கல்லுக்குச் செல்லலாம். ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றே மிகுதியான வழி. நாற்கரச் சாலையில் சரக்குந்துகள் விரையுமாதலின், பக்கத்தே செல்லும் பழைய சாலைகளையும் ஊர்ச்சாலைகளையுமே தெரிந்துகொள்ளல் வேண்டும். ஜருகுமலையைக் கடந்தால் அதன் பின்னே பனமரத்துப்பட்டி ஏரி. 1911-இல் சேலத்தின் குடிநீருக்கென அமைத்த ஏரி அது; மேட்டூர் நீர் வந்தபின் நகரம் அதனை மறந்தது. மல்லூர், இராசிபுரம், புதுச்சத்திரம் என ஊர்கள் தொடரும். இராசிபுரம் நெய்க்குப் பெயர் பெற்றது. ஆங்கிலத்தில் எழுதிப் புகழ்பெற்ற ஆர். கே. நாராயணின் பெயரிலுள்ள முதல் எழுத்து இவ்வூரையே குறிக்கும்.

இச்சமவெளி வறண்டது, நிலக்கடலையும், சோளமும், மரவள்ளியும் இதன் பயிர்கள். மரவள்ளிக் கிழங்கிலிருந்தே சவ்வரிசி செய்யப்படுகிறது. இரண்டாம் உலகப்போரில் மலேயாவிலிருந்து வரத்து நின்றபோது, 1943-ஐ ஒட்டிச் சேலத்தில் இத்தொழில் தோன்றிற்று. கிழங்கைத் தோலுரித்து அரைத்து, நீரில் கரைத்து வடிகட்டி, மாவு அடியில் படிய விடுவர். ஈரமாவைத் துணியிலிட்டுக் குலுக்கி உருட்டி, சூடான தட்டில் வறுத்து, களத்தில் காயவைப்பர். புளித்த மாவின் மணம் முன்னே வந்து வழிகாட்ட, பின்னரே வெண்ணிறக் களங்கள் கண்ணுக்குத் தெரியும். சாலையோரத்தே நீண்ட கோழிக் கொட்டகைகளும் காணப்படும். அவை கிழக்கு மேற்காகவே அமைந்திருத்தலைக் கூர்ந்து நோக்குவோர் அறியலாம். வெயில் பக்கவாட்டில் உள்ளே புகாதிருக்க அவ்வாறு கட்டுகின்றனர். இங்கிருந்து முட்டைகள் கேரளத்துக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் செல்கின்றன. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவிலும் அவை இடம்பெறுகின்றன. மேற்கே திருச்செங்கோட்டு மலை தெரியும். அவ்வூரார் ஆழ்துளைக் கிணறு தோண்டும் பொறிகளை ஏற்றிய சரக்குந்துகளோடு இந்தியா முழுதும் சென்று வருகின்றனர். நீரற்ற நிலத்தில் கிணறு தோண்டித் தோண்டிப் பழகியவர்க்கு அதுவே தொழிலாயிற்று.

நாமக்கல்லில் ஊர் நடுவே ஒரே பாறையாய் எழுந்த மலையும், அதன் உச்சியில் கோட்டையும் உள்ளன. மலையின் இருபுறமும் எட்டாம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து அமைத்த கோயில்கள். ஒன்றில் நரசிங்கர், மற்றொன்றில் பள்ளிகொண்ட பெருமாள். எதிரே கூரையற்ற வெளியில் பதினெட்டடி உயர அனுமன். நாமகிரித் தாயார், கணிதமேதை இராமானுசன் குடும்பத்தார் வழிபட்ட தெய்வம். வண்டியை அடிவாரத்தில் பூட்டிவிட்டுப் பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால், கிழக்கே கொல்லிமலை முழுதும் விரியும். கீழே சரக்குந்துகளுக்குக் கூடு கட்டும் பட்டறைகளின் ஓசை மேலேறி வரும். 1997 முதல் இது தனி மாவட்டத்தின் தலைநகர். 2013-இல் சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூருக்குப் புகைவண்டி ஓடத் தொடங்கிற்று. திரும்பும்போது மிதிக்க இயலாதார் அதனை நாடலாம்.

இயலுவோர்க்கு இன்னும் சிறிது வழி உண்டு. தெற்கே மோகனூர், நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை 1888-இல் பிறந்த ஊர். அங்கே காவிரி அகன்று செல்கிறது. அதற்கு மேற்கே, பரமத்தி வேலூரை அடுத்து நன்செய் இடையாறு என்னும் ஊர் உள்ளது. வாழையும் கரும்பும் அடர்ந்த வழியில் சென்று கரையில் வண்டியைச் சாத்தி நிற்பவர், சேலத்துக் கோட்டைப் பாலத்தின் கீழ் முந்தின நாள் விடியலில் கண்ட திருமணிமுத்தாறு அங்கே காவிரியில் சேர்வதைக் காண்பர். கோடையாயின் மணலும் சிறு ஓடையுமே இருக்கும். மழைக்காலமாயின், சேலத்தார் அதில் விட்டதனைத்தும் வந்து சேரும். அதற்குக் கீழே காவிரியின் இரு கரையிலும் உள்ள ஊர்கள் அந்நீரையே பருகுகின்றன.